அம்மா ஃபெயில்ங்கறதுக்கு ரெண்டு சாட்சி

எங்க ஊருக்குப் புதுசா வர்றவங்க எங்க ஊட்டுக்கு வழி கேட்டா, "பி.ஏ. ஊடுங்களா? கோயிலுக்கு அக்கட்டால சந்துல போங்க" அப்படீன்னுதான் சொல்லுவாங்க. பி.ஏ.ன்னா எங்கம்மா. ரேஷன் கார்டுல பேரு சேக்கோணும், கேஸ் மானியம் வரலை, பேங்க்ல செலான் நெரப்போணும், எதுன்னாலும் எங்க வாசல்ல வந்து நிப்பாங்க. அம்மா அடுப்பை சிம்ல வெச்சுட்டு வந்து, ஈரக்கையை முந்தானையில தொடைச்சுட்டு, பேனாவை வாங்கி நெரப்பிக் குடுக்கும். காசு வாங்காது. ரெண்டு தேங்காயோ ஒரு கூறு கத்திரிக்காயோ வாசப்படியில வெச்சுட்டுப் போனா வேண்டாம்னும் சொல்லாது.

ஆனா எங்கம்மா பி.ஏ. பாஸ் பண்ணலைங்க. எங்க ஊட்ல எல்லாருக்கும் இது தெரியும். எனக்கு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து தெரியும். ஊருக்குத்தான் தெரியாது.

இதுக்கெல்லாம் காரணம் கல்யாணப் பத்திரிக்கை. அம்மா மூணாவது வருசப் பரீட்சை எழுதுன கையோட கல்யாணம் பேசி முடிச்சுட்டாங்க. ரிசல்ட் வரலை. திருச்செங்கோட்டுல அச்சாபீஸ்காரரு, "பொண்ணு பேருக்குப் பின்னால என்னங்க போடறது?"ன்னு கேட்டிருக்காரு. எங்க அப்புச்சி, அதான் அம்மாவோட அப்பா, "பி.ஏ.ன்னு போடுங்க, எழுதியாச்சல்ல, வந்துரும்" அப்படீன்னுட்டாரு. எங்கப்பா பத்தாவதோட நின்னவரு. பொண்ணு பேருக்குப் பின்னால பட்டம் இருக்க, மாப்பிள்ளை பேரு மொட்டையா நின்னா மானம் போயிருமேன்னு அப்பா ஊட்டுக்காரங்க 'ரிக் உரிமையாளர்'னு போட்டுட்டாங்க. போர் போடற வண்டியைத்தான் எங்க பக்கம் ரிக்குன்னு சொல்லுவோம். அப்பா அந்த வண்டிக்கு டிரைவரு. நெசமான உரிமையாளரு கல்யாணத்துக்கு வந்து, பத்திரிக்கையைப் படிச்சுட்டு, மொய் வெச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே போனாராம்.

மறுவிருந்து முடியறதுக்குள்ள ரிசல்ட் வந்துருச்சு. பொருளாதாரத்துல எல்லாப் பேப்பரும் பாஸ், புள்ளியியல் மட்டும் போச்சு. அம்மா அழுதிருக்கு. அப்பா, "அச்சடிச்சாச்சு, உடு" அப்படீன்னாராம். அடுத்த பரீட்சைக்கு நான் வயித்துல இருந்தேன். அதுக்கடுத்த பரீட்சைக்கு இடுப்புல இருந்தேன். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை.

அதோடயாவது நின்னுச்சான்னா, இல்லை. ஊர்ல கும்பாபிஷேகம் வந்துச்சு. அப்பா வடக்க போயி சம்பாரிச்சதுல கொஞ்சம் நன்கொடை குடுத்தாரு. குடுத்தவங்க பேரையெல்லாம் கல்லுல வெட்டி வெச்சாங்க. அப்பா சும்மா இருக்காம, எழுத்துக்கு இவ்வளவுன்னு வாங்குற கல்லு வேலைக்காரருகிட்ட எச்சாக் காசு குடுத்து, அம்மா பேருக்குப் பின்னால பி.ஏ.ன்னு வெட்டச் சொல்லிட்டாரு. பொண்டாட்டி மேல அவருக்கு அவ்வளவு பெருமை. நான் அப்பச் சின்னப் புள்ளை. அந்த எழுத்தைத் தடவிப் பாத்துப் பூரிச்சுப் போனது இன்னும் ஞாபகம் இருக்குது.

பன்னண்டாவது முடிச்சேன். மார்க்கு நல்ல மார்க்கு. கவுன்சிலிங்குல சேலத்துக்குப் பக்கத்துலயே, ஓமலூர் ரோட்டுல, இன்ஜினியரிங் காலேஜ் ஒண்ணுல சீட்டு கெடைச்சுது. இனிப் பணத்துக்கு வழி பாக்கோணும். குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாருமே டிகிரி வாங்கலைன்னா, முதல் பட்டதாரின்னு தாலுகா ஆபீஸ்ல சான்றிதழ் குடுப்பாங்க. அதைக் காட்டுனா படிப்புக் கட்டணத்துல ஒரு நல்ல பங்கை அரசாங்கமே ஏத்துக்கும். ஹாஸ்டலு, சாப்பாடு, பொஸ்தகம்னு மிச்சத்துக்குப் பேங்க்ல கல்விக் கடன். இப்படித்தான் நானும் அம்மாவும் கணக்குப் போட்டு வெச்சிருந்தோம். அப்பா அப்ப மத்தியப் பிரதேசத்துல வண்டியில இருந்தாரு. ஃபோன்ல தெளிவாச் சொல்லிட்டாரு: "சான்றிதழ் வந்தா சேரு சாமி. வரலைன்னா மொத்தத்துக்கும் கடன் வாங்கித் தலையில கட்டிக்க வேண்டாம். நாமக்கல்லுலயே ஏதாச்சும் ஒரு டிகிரி படி."

எனக்கு நாமக்கல்லுல ஏதாச்சும் ஒரு டிகிரி வேண்டாம். எனக்கு அந்த சீட்டுதான் வேணும். ராத்திரி பகலா படிச்சு வாங்குனதுங்க அது.

இ-சேவை மையத்துல போயி விண்ணப்பம் போட்டோம். கொஞ்ச நாள்ல ஃபோனுக்கு மெசேஜ் வந்துச்சு. நிராகரிக்கப்பட்டது. காரணம்: குடும்பத்தில் பட்டதாரி உள்ளார்.

எனக்கு மூக்கு மேல கோவம் வரும். அம்மாவை இழுத்துக்கிட்டு நேரா வி.ஏ.ஓ. ஆபீசுக்குப் போயிட்டேன். வி.ஏ.ஓ. ஒரு அக்கா, ஆத்தூர்ப் பக்கத்துக்காரங்க, வேலைக்கு வந்து அப்பத்தான் ஒரு வருசம் இருக்கும். நான் வாயைத் தொறக்கறதுக்கு முன்னாடியே, "இரு, இரு, கத்தாத"ன்னாங்க. "விசாரிக்காம நான் எழுதலை. உங்க ஊரு மளிகைக் கடைக்காரர்கிட்ட, இந்த வீட்ல யாராவது டிகிரி படிச்சிருக்காங்களான்னு கேட்டேன். என்னங்க இப்படிக் கேட்டுட்டீங்க, அந்தம்மா பி.ஏ.வாச்சேன்னாரு. சரி, தெரியாம சொல்றாரோன்னு பாத்தா, கோயிலுக்குப் போனா கல்லுலயே வெட்டியிருக்கு."

"அது பொய்யிங்க மேடம்"னேன்.

"கோயில்ல போய் யாராச்சும் பொய் எழுதுவாங்களா?"

"எங்க ஊர்ல எழுதுவாங்க!"

அம்மா தரையைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு. அந்த அக்காவுக்கே பாவமாப் போச்சுபோல. கொரலை எறக்கி, "மார்க் ஷீட் இருந்தாக் கொண்டாங்க. அதோட, யாரு பட்டதாரின்னு சொன்னாங்களோ அவங்களும், கல்லு வெச்ச கோயில் கமிட்டித் தலைவரும் சேந்து, இவங்க பட்டதாரி இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். மறுபடியும் விண்ணப்பம் போடுங்க, நான் மேல அனுப்பறேன்"னாங்க.

திரும்பி வர்ற வழியில டவுன் பஸ்ஸுல அம்மா ஜன்னலுக்கு வெளியவே பாத்துட்டு வந்துச்சு. எனக்குப் புரிஞ்சுது. மார்க் ஷீட்டு குடுக்கறது பெருசில்லை. ஊருக்குள்ள ரெண்டு பேருகிட்டப் போயி, நான் பாஸ் பண்ணலைன்னு சொல்லோணும். அதுல ஒருத்தரு மளிகைக் கடைக்காரரு. அவருகிட்டச் சொன்னா மைக்கு வெச்சுச் சொன்னாப்பல. இத்தனை வருசமா பி.ஏ. ஊடு, பி.ஏ. ஊடுன்னு கூப்பிட்ட வாயெல்லாம் நாளைக்கு என்ன சொல்லும்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? எனக்கு சீட்டும் வேணும், அம்மா தலை குனியவும் கூடாது. ரெண்டும் ஒண்ணா நடக்காதுன்னு தெரிஞ்சுபோச்சு. "வேண்டாம்மா, நான் நாமக்கல்லுலயே படிச்சுக்கறேன்"னேன்.

"வாயை மூடு"ன்னுச்சு அம்மா.

ஊட்டுக்கு வந்ததும் அப்பாவுக்கு ஃபோன் போட்டோம். அப்பா பதறிப்போயி, "நீ எதுக்குப் போற? மழைக்கு வண்டி நிக்கும், ஆடியில வாரேன், வந்து நான் பேசிக்கறேன்"னாரு. ஆடிக்குள்ள சேர்க்கை முடிஞ்சுரும். அம்மா சொல்லுச்சு, "வெட்டுனது நீங்க. படிக்காம உட்டது நான். நானே சொல்லிக்கறேன்." அப்பாவுக்குப் பின்னால ஜெனரேட்டர் ஓடுற சத்தம்தான் கேட்டுச்சு.

அடுத்த நாள் காத்தால அம்மா தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு, கல்யாணத்துக்குப் போற சேலையைக் கட்டுச்சு. கடைக்குப் போனா ஒரே கூட்டம். பாலுக்கும் இட்டிலி மாவுக்கும் நிக்கறாங்க. "கூட்டம் போவட்டும்மா, தனியாக் கூப்பிட்டுச் சொல்லலாம்"னு காதுல சொன்னேன்.

"தனியாச் சொன்னா தப்புப் பண்ணுனாப்பல இருக்கும்"னுட்டு அம்மா முன்னால போயி நின்னுச்சு. "அண்ணா, நான் பி.ஏ. ஃபெயிலுங்க."

கடைக்காரரு தொவரம் பருப்பு நிறுத்துக்கிட்டு இருந்தாரு. "ஏனுங் அம்முணி?"ன்னாரு.

அம்மா எல்லாத்தையும் சொல்லுச்சு. முதல் பட்டதாரி சான்றிதழ், வி.ஏ.ஓ., கையெழுத்து, எல்லாம். கடைக்காரரு கேட்டுட்டே வந்தாரு. கேக்கக் கேக்க அவரு மொகம் மலர்ந்துச்சு. கண்ணைச் சிமிட்டிக்கிட்டு, "அட, இவ்வளவுதானுங்களா! வெவரம் தெரியாம அந்த வி.ஏ.ஓ. அம்முணிகிட்ட உள்ளதைச் சொல்லிப்போட்டனுங்க. எங்க கையெழுத்துப் போடோணும்? ஃபெயிலுன்னு சொல்லோணும், அவ்வளவுதானுங்? நம்ம ஊட்டுப் புள்ளை படிக்கறதுக்கு ஒரு பொய் சொல்ல மாட்டமுங்களா?"ன்னாரு.

"பொய் இல்லீங்கண்ணா. நெசமாவே ஃபெயிலுங்க."

"ஆமாங்க, ஆமாங்க. அப்படியேதான் சொல்லோணும்" அப்படீன்னு அவரு கூட்டத்தைப் பாத்துச் சொல்ல, பால் வாங்க வந்த பொம்பளைங்க எல்லாம், "ஆமாங்க, யாரு கேட்டாலும் ஃபெயிலுன்னே சொல்லீர்லாம்"னு தலையாட்டுறாங்க. ஒருத்தரும் நம்பலைங்க! மானத்தை மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்தா எறக்கி வெக்க எடமில்லை. அம்மாவுக்கு வந்துச்சே கோவம். என்ற கோவம் எங்கிருந்து வந்துச்சுன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

"நான் என்ன வெளையாடறனா?"ன்னு மார்க் ஷீட்டை எடுத்துக் கல்லாப்பெட்டி மேல வெச்சுச்சு. கடைக்காரரு கண்ணாடியை மாட்டிக்கிட்டு, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பிப் பாத்துட்டு, "இது இங்கிலீசுல இருக்குதுங்களே அம்முணி. நீங்க படிச்சுச் சொன்னாத்தானுங்க எங்களுக்குத் தெரியும்"னாரு.

நான் சிரிச்சுட்டேன். அடக்க முடியலை. அம்மா என்னைய ஒரு மொறை மொறைச்சுது. அப்புறம் மார்க் ஷீட்டைக் கையில எடுத்து, பள்ளிக்கூடத்துல வாசிக்கறாப்பல, ஒவ்வொரு பேப்பரா சத்தமா படிச்சுது. இது பாஸு, இது பாஸு, இதுவும் பாஸு. புள்ளியியல் வந்தப்ப மட்டும் கொரலு கொஞ்சம் தேஞ்சுது. ஆனா நிறுத்தலை. "ஃபெயில்"னு படிச்சு முடிச்சுட்டு மடிச்சு வெச்சுச்சு.

இப்ப நம்பிட்டாங்க. பால் தூக்குப் புடிச்சுட்டு நின்ன ஒரு அக்காதான் முதல்ல வாயைத் தொறந்துச்சு. "இத்தனையில ஒண்ணே ஒண்ணுதானுங்களா போச்சு?"

"ஆமா."

"அது எப்படீங்க ஃபெயிலாகும்? மிச்சமெல்லாம் பாஸுதானுங்?"

கடைக்காரரு மட்டும் யோசனையா நின்னாரு. இப்ப என்ன சொல்லப் போறாரோ, இத்தனை வருசமா ஏமாத்திட்டீங்களேன்னு கேட்டுருவாரோன்னு அவரு வாயையே பாத்துக்கிட்டு நின்னேன். அவரு மெதுவா, "அப்ப ஒண்ணு கேக்கறனுங் அம்முணி. கடை லைசென்சுக்கு ஃபாரம் நெரப்பிக் குடுத்தீங்களே, அது செல்லாதுங்களா?"ன்னாரு.

அம்மா அவரையே பாத்துச்சு. அப்புறம் சிரிச்சுது பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சுது. "செல்லும்ங்கண்ணா. நல்லாச் செல்லும்."

"அப்பச் செரி, கொண்டாங்க"ன்னு கையெழுத்துப் போட்டாரு. என்ன எழுதோணுமோ அதையும் அம்மாதான் எழுதிக் குடுத்துச்சு. தான் பட்டதாரி இல்லைன்னு தன் கையாலயே, அழகான கையெழுத்துல.

அங்கிருந்து கமிட்டித் தலைவர் ஊட்டுக்குப் போனோம். சேதி எங்களுக்கு முன்னால போயிருந்துச்சு. அவரு மறுபேச்சுப் பேசாமக் கையெழுத்துப் போட்டுட்டு, கல்லை நெனைச்சுத்தான் கவலைப்பட்டாரு. "சிமெண்ட்டு பூசி மறைச்சுருங்க"ன்னுச்சு அம்மா. அவரு பதறிட்டாரு. "அதெப்படீங்க, கும்பாபிஷேகம் பண்ணுன கோயில்ல கல்லுல கை வெக்கறது? அடுத்த கும்பாபிஷேகம் வரட்டும், அப்பப் பாத்துக்கலாம்." அம்மாவும் செரின்னுட்டு வந்துருச்சு.

சான்றிதழ் வந்துச்சு. காலேஜ் கவுன்டர்ல நீட்டுனேன். உள்ள இருந்த சாரு பாத்துட்டு, கட்டணச் சீட்டுல ஒரு தொகையைக் கழிச்சு மிச்சத்தை எழுதிக் குடுத்தாரு. அதுக்கு ரெண்டு நிமிசம்கூட ஆவலை. இதுக்காடா எங்கம்மா கடை வாசல்ல நின்னு படிச்சுதுன்னு எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. சந்தோசமாவும் இருந்துச்சு.

ஆடியில அப்பா வந்தாரு. மூணு பேரும் பேங்குக்குப் போனோம். லாரித் தொழில்ல இருக்கற மனுசனுக்குக் கடன்னா ஒண்ணுதான் தெரியும்: ரெண்டு தவணை உட்டா வந்து வண்டியை சீஸ் பண்ணிட்டுப் போயிருவாங்க. மேனேஜர் எல்லாத்தையும் வெளக்குனாரு. படிக்கிற வரைக்கும் தவணை கட்ட வேண்டியதில்லை, படிச்சு முடிச்சு வேலைக்குப் போனப்புறம் கட்டுனாப் போதும்னு. அப்பா பொறுமையாக் கேட்டுட்டு, "எல்லாஞ் செரிங்க சார். கட்ட முடியலைன்னா எதைங்க சீஸ் பண்ணுவீங்க? புள்ளையவா?"ன்னாரு. மேனேஜர் சிரிச்சுட்டாரு. அப்பா சிரிக்கலை. ஒண்ணையும் சீஸ் பண்ண மாட்டோம்னு பதிலு வந்தப்புறந்தான் கையெழுத்துப் போட்டாரு.

"அம்மா என்ன படிச்சிருக்காங்க?"ன்னு மேனேஜர் கேட்டாரு. "பி.ஏ. ஃபெயிலுங்க"ன்னுச்சு அம்மா, மணி என்னன்னு கேட்டாச் சொல்றாப்பல. அவரு, "அப்ப ப்ளஸ் டூ"ன்னு எழுதப் போனாரு. அம்மா உடலை. "ப்ளஸ் டூ இல்லீங்க. பி.ஏ. ஃபெயில். ஒரு பேப்பருதான்." அவரு ஃபாரத்துல அதுக்கு எடமில்லைன்னாரு. அம்மா ஊட்டுக்கு வர்ற வரைக்கும் அந்த பேங்கைத் திட்டிக்கிட்டே வந்துச்சு.

ஊர்ல என்ன ஆச்சுன்னா, ஒண்ணும் ஆவலைங்க. பி.ஏ. ஊடு பி.ஏ. ஊடாவேதான் இருந்துச்சு. அதுக்கும் மேல, சலுகைக்கு எப்படி எழுதறதுன்னு தெரிஞ்ச அம்மான்னு பக்கத்து ஊர்ல இருந்தெல்லாம் புள்ளைகளைக் கூட்டிட்டு வர ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்காலர்ஷிப்பு, கல்விக் கடன், எல்லாத்துக்கும் எங்க வாசல்தான்.

நான் முதல் வருசம் ரெண்டாவது செமஸ்டர்ல இருந்தப்ப, பேப்பர்ல ஒரு அறிவிப்பு வந்துச்சு. ரொம்ப வருசத்துக்கு முன்னாடி படிச்சு, பேப்பர் பாக்கி வெச்சிருக்கறவங்க எல்லாம் அதை எழுதி முடிக்கலாம்னு அம்மா படிச்ச பல்கலைக்கழகம் சிறப்பு வாய்ப்புக் குடுத்திருந்துச்சு. எனக்குத் தலைகால் புரியலை. ஹாஸ்டல்ல இருந்து ஃபோன் போட்டு, "எழுதும்மா, ஒரே ஒரு பேப்பரு, நான் சொல்லித் தாரேன்"னு குதிச்சேன். அம்மா, "எனக்கு எங்க சாமி நேரம்"னுச்சு. "கோழிப் பண்ணைக்கு முட்டைக் கணக்கு எழுதப் போறேன், இதுல பரீட்சை வேறயா"ன்னுச்சு. நான் கெஞ்சுனேன், மெரட்டுனேன். "இனி எப்ப வருமோ, வராமயே போயிருமோ"ன்னு கத்துனேன். "வராட்டிப் போவுது"ன்னு வெச்சுருச்சு. எனக்கு அப்படி ஒரு கோவம். தனக்குன்னு வந்தா மட்டும் இப்படிச் சோம்பேறித்தனம்னு நெனைச்சேன். ஒரு வாரம் பேசலை.

நாலு வருசம் ஓடிப்போச்சு. படிச்சு முடிச்சேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு கம்பெனியில வேலை கெடைச்சுது. மாசாமாசம் சம்பளத்துல பேங்குத் தவணை போவுது. வலிக்கலைங்க, அது பாட்டுக்குப் போவுது, மிச்சத்துல நல்லாவே இருக்கேன்.

போன மாசம் பட்டமளிப்பு விழா. அப்பா வடக்க இருந்தாரு, ஃபோன்லயே பாத்துட்டு, "கையைத் தூக்கிக் காட்டு சாமி, நல்லாத் தூக்கு"ன்னு சத்தம் போட்டாரு. பட்டத்தைக் கொண்டாந்து அம்மா கையில குடுத்தேன். அம்மா அதை ரெண்டு பக்கமும் பாத்துச்சு. என்ற பேரை ஒருக்கா வெரலால தடவுச்சு.

"இது உன்ற கைக்கு வந்துருச்சு. இனி நம்ம ஊட்ல வேற யாராச்சும் பட்டம் வாங்குனாலும் உன்ற சலுகையை யாரும் திருப்பிக் கேக்க முடியாதல்ல?"ன்னு கேட்டுச்சு.

"அதெப்படிம்மா கேப்பாங்க? அதான் முடிஞ்சுபோச்சே..." சொல்லிட்டு இருக்கும்போதே எனக்குப் பொறி தட்டுச்சு. அந்த ஒரு வாரம் நான் பேசாம இருந்தது ஞாபகம் வந்துச்சு.

அம்மா என்னையப் பாக்கவே இல்லை. பட்டத்தைப் பத்திரமா பீரோவுல வெச்சுட்டு, அன்னைக்குப் பேப்பரை எடுத்துட்டு வந்து, மடிச்சிருந்த பக்கத்தைக் காட்டுச்சு. "இந்தத் தடவையும் போட்டிருக்கறாங்க. நீதான் வேலைக்குப் போறியல்ல? எனக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டு."